உரம் இடாத பாத்தி

இலவசமாகக் கொடுத்தால் வாங்க ஆள் இருக்காது என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்பப் போகிறார்கள்? போன மாதம் ஓர் உரக் கம்பெனி இளைஞர் என்னைப் பார்க்க வந்திருந்தார். புதிதாக வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு அவர்கள் சின்னச் சின்னப் பைகளில் உரத்தை மாதிரியாகக் கொடுக்கிறார்களாம். காலையில் வாங்கிப் போனவரே மாலையில் சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டு புது ஆள் போல வந்து நிற்கிறாராம். "உங்க காலத்துல இதை எப்படி சார் சமாளிச்சீங்க?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எங்கள் காலத்தில் ஒருவர் கையில் அந்தப் பையைத் திணிப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பது பழமொழி. நாமக்கல் பக்கத்து விவசாயி பல்லை மட்டுமல்ல, வாலையும் தூக்கிப் பார்ப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சீமையிலிருந்து கப்பலில் வந்த அம்மோனியா உரத்தை விற்கும் ஒரு கம்பெனி. அதன் கிடங்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மண்டிக்குப் பின்னால் இருந்தது. கோயம்புத்தூரில் சில வாரம் பயிற்சி கொடுத்து, ஒரு சைக்கிளையும் கொடுத்து ஊர் ஊராக அனுப்பிவிட்டார்கள். பார்ப்பதற்கு உரம் அசல் உப்பு மாதிரியே இருக்கும். அதனால் எனக்கு உப்புக்காரர் என்று பெயர் வந்தது. ஒரு வீட்டில் கிழவி அதை மோரில் போட்டுக் குடித்துவிட்டு என் பரம்பரையையே திட்டினாள். இன்னொருவர், துரைமார் கொடுத்த பொருள் என்று சாமி மாடத்தில் பத்திரமாக வைத்திருந்தார். மழைக்காலத்தில் அது ஈரம் குடித்துக் கரைந்து விபூதித் தட்டுக்குள் ஓடியிருந்தது. மேச்சேரிப் பக்கம் போனால், "ஆட்டுக் கிடை போட்ட மண்ணுக்கு உப்பு எனத்துக்குங்க?" என்று கேட்டுவிட்டு மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பாதிப் பேருக்கு, இதை வாங்கிவிட்டால் சர்க்காரில் தீர்வையை ஏற்றிவிடுவார்களோ என்ற பயம்.

எங்கள் மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வைத்தியநாதையர் என்று பெயர். கோபித்துக் கத்தி நான் கேட்டதில்லை. ஊருக்குப் போய்த் திரும்பியவர்களை எதிரே உட்கார வைப்பார். நாங்கள், "பயிர் நன்றாக வந்திருக்கிறது" என்போம். உடனே, "எதோடு வைத்துப் பார்த்து நன்றாக?" என்பார். அவ்வளவுதான். இந்த ஒரு கேள்வியில் எங்கள் பயணக் கதை முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஒரு நாள் இடது கால் செருப்புக்கு மட்டும் புது பாலிஷ் போட்டுக்கொண்டு கிடங்குக்கு வந்தார். சாயங்காலம் வரை இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, வாங்கலாம்" என்றார். நாங்கள் மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சிரித்தோம். ஆனால் ஒப்பிடாமல் எதையும் நம்பாத மனிதர் என்பதில் எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை. இப்போதும் உண்டு.

பெரிய பண்ணைக்காரர்களுக்கு மாதிரி கொடுத்து ஏமாந்த பிறகு, புதிதாக வீட்டுப் பாத்தி போடுகிறவர்களிடம் போகச் சொன்னது அவர்தான். "பண்ணைக்காரன் உன் பையை வண்டிக் கொட்டகையில் எறிந்துவிட்டு மறந்துவிடுவான். வீட்டுக்குப் பின்னால் பத்துக் கத்தரிச் செடி நட்டவள் தினமும் போய்ப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரியையும் கூப்பிட்டுக் காட்டுவாள்" என்றார். முறையும் அவரே வகுத்தார். நிலத்தில் பாதிக்கு உரம் இட வேண்டும், பாதியை அப்படியே விட வேண்டும். உரத்தைச் சாம்பலோடு கலக்கக்கூடாது, கலந்தால் சத்து ஆவியாகப் போய்விடும். காய்ந்த மண்ணோடுதான் கலக்க வேண்டும். இலையில் பனி ஈரம் உலர்ந்த பிறகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வட்டமாக இட்டுக் கொத்திவிட்டு, அன்றே தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கடைசியாக, இரண்டு பாதியிலும் தகரப் பலகை நட வேண்டும். பயிரிட்டவர் பெயரைப் பெரிதாக எழுதி, கீழே 'உரம் இட்டது', 'உரம் இடாதது' என்று எழுத வேண்டும். சொந்த ஊர்க்காரர் பெயரைப் பார்த்தால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்பது அவர் கணக்கு.

எருமப்பட்டிக்குப் பக்கத்தில், வண்டிப் பாதையை ஒட்டி ஒரு தோட்ட வீடு. அண்ணன் தம்பி இருவரும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்கிற குடும்பம். தம்பி மனைவி நல்லம்மாள் நாமக்கல் கடைவீதியில் வளர்ந்தவள். மண்ணைத் தொட்டுப் பழகாதவள். கைக்குழந்தைக்காரி. அவளுக்கு எப்படியோ தோட்ட ஆசை வந்து, வீட்டுப் பின்புறம், அங்கே பொடக்காளி என்பார்கள், கத்தரி நடப் போவதாகச் சொன்னாள். தை மாதம் அது. நான் அந்த வழியாகப் போனபோது தானாகவே கூப்பிட்டு, "ஏனுங்க, சும்மாவே தர்றீங்கன்னாங்களே, எனக்கும் ஒரு பை குடுங்க" என்று கேட்டாள். என் உத்தியோகத்தில் வாய் விட்டுக் கேட்ட முதல் ஆள் அவள்தான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் பாதியை விட வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. "ரண்டும் ஒரே நாத்துதானுங்களே. இதுக்கு ஊட்டிப்போட்டு அதயப் பட்டினி போடச் சொல்றீங்க. ஒரு கண்ணுக்கு வெண்ணெ, ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பா? என்னால ஆகாதுங்க" என்றாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு ஒரேயடியாகத் தலையை ஆட்டினாள்.

அப்போதுதான் பாவாயி வெளியே வந்தார். அண்ணன் மனைவி, நல்லம்மாளுக்கு ஓரகத்தி. நாற்பதை நெருங்கிய வயது, சிரித்த முகம். அவருக்குக் குழந்தை இல்லை. அதனால் வளைகாப்புக்கோ தொட்டில் கட்டுவதற்கோ அந்த ஊர் அவரை முன்னால் நிற்கக் கூப்பிடாது. ஆனால் நாற்று விடுவதற்கு மட்டும் அவர்தான் வேண்டும். மிளகாயோ, புகையிலையோ, கத்தரியோ, முதல் பிடி விதையைப் பாவாயி தூவினால் ஒன்றுகூடப் பழுதில்லாமல் முளைக்கும் என்று சுற்று வட்டாரம் முழுக்க நம்பிக்கை. ஆடி பிறந்தால் வண்டி கட்டிக்கொண்டு வந்து அழைத்துப் போவார்கள். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு, முறத்தில் விதையோடு அவர் வண்டியில் ஏறும்போது கல்யாணத்துக்குப் போகிற மாதிரி இருக்கும் என்று நல்லம்மாள் பிறகு சொல்லியிருக்கிறாள்.

"அட, அந்தப் புள்ளயப் போட்டு எனத்துக்குத் தம்பி ரோதன பண்றீங்க?" என்றார் பாவாயி. "அவ பாத்தி முச்சூடுக்கும் போட்டுக்கட்டும். பக்கத்துப் பாத்தி எம்பட கையால நடப்போறேன். அதே நாத்து, அதே தண்ணி. அதய உப்பில்லாத பாத்தின்னு வெச்சுக்கங்க."

"உங்களுக்கு மனசு சங்கடமாக இருக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"எம்பட கை வெச்சதுக்கு உப்பும் வேண்டாம், சீமையும் வேண்டாம். அது பாட்டுக்கு வரும் பாருங்க" என்று சிரித்தார். நல்லம்மாளும் சிரித்தாள். ஓரகத்திகள் இவ்வளவு ஒற்றுமையாக இருந்து நான் அதிகம் பார்த்ததில்லை. நல்லம்மாளின் குழந்தையைப் பாவாயி வாங்கி முத்தம் கொடுத்தார். மேனேஜரிடம் வந்து சொன்னேன். ஒரே மண், ஒரே நாற்று, ஒரே வாய்க்கால் என்றதும் அவருக்கு ரொம்பத் திருப்தி. பெயர் எழுதிய இரண்டு பலகைகளையும் நானே கொண்டுபோய் நட்டேன்.

மாசி கடந்து பங்குனியில் போய்ப் பார்த்தபோது எனக்கே வாயடைத்துவிட்டது. நல்லம்மாளின் செடிகள் கருகருவென்று இடுப்புயரத்துக்கு நின்றன. இலை ஒவ்வொன்றும் முறம் போல இருந்தது. காய் தரையைத் தொட்டது. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பாவாயியின் பாத்தி கெட்டுப்போகவில்லை. தொழுவெரு போட்ட கத்தரி எந்த ஆண்டும் எப்படி வருமோ அப்படித்தான் வந்திருந்தது. தனியாக நின்றிருந்தால் யாரும் ஒரு குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தக் கருகருப்புக்குப் பக்கத்தில் நின்றதால் வெளிறிப்போய், சவலைப் பிள்ளை மாதிரி தெரிந்தது.

சந்தை நாளில் பாதையோடு போகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுவது என் வேலை. கூட்டம் கூடியது. பலகையைப் படிக்கத் தெரிந்த ஒன்றிரண்டு பேர் மேல் வரியை மட்டும் உரக்கப் படித்தார்கள். மற்றவர்கள், "இது ஆருதுங்க?" என்று கேட்டார்கள். "சின்னவளுது." "அது?" "பெரியவளுது." அதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. நான் கையில் உரத்தை வைத்துக்கொண்டு தொண்டை வறளப் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். பேச்சு முடிந்ததும் பக்கத்துக் காட்டுக்காரர் செங்கோடன் எனக்காகப் பரிதாபப்படுகிறவர் போலச் சொன்னார்.

"உப்புக் கெடக்குதுங்க. உப்பு என்ன பண்ணும்? சின்னவளுது புள்ளப் பெத்த கை. இத்தன வருசமா நாமதான் தெரியாம பெரியவளக் கூட்டீட்டுப் போயிருக்கறம்."

"அப்படியில்லைங்க. இத்தனை வருஷம் அந்த அம்மா தூவின நாற்று முளைக்கலையா?" என்று கேட்டேன்.

"மொளச்சுதுங்க. இவளாட்டம் ஒருத்தி தூவியிருந்தா இன்னும் எப்படி மொளச்சிருக்குமோ!"

கூட்டம் அதற்கும் தலையாட்டியது. பாவாயி அப்போது வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். செங்கோடனுக்கும் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை நின்று சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நான் விடைபெறும்போது வெளியே வரவில்லை.

ஆடியில் மறுபடி போனேன். ஆடிப் பட்டம் தேடி விதை என்பார்கள், எங்கு பார்த்தாலும் நாற்றங்கால் வேலை. அந்த வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஏறிக்கொண்டிருந்தவள் நல்லம்மாள். என்னைப் பார்த்ததும் இறங்கி ஓடிவந்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"நான் வாரமாட்டேன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேனுங்க. இவிய கேக்கறதில்ல. எனக்கு வெதயப் புடிக்கவே தெரியாதுங்க, ஒரே எடத்துல கொட்டீருது. அக்கா எங்கூடப் பேசறா, சோறு போடறா, புள்ளயத் தூக்கறா. ஆனா மூஞ்சியப் பாக்க முடியலீங்க. நீங்க இவியகிட்டச் சொல்லுங்க, சாமி."

வண்டிக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே அவளை ஏற்றிக்கொண்டு மாட்டை ஓட்டிவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தேன். பாவாயி முறத்தில் எதையோ புடைத்துக்கொண்டிருந்தார். முறம் எப்போதோ சுத்தமாகிவிட்டது. கை மட்டும் நிற்கவில்லை. பார்க்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சேலம் திரும்பி மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வழக்கமான கேள்வி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "இடாத பாத்திக்கும் ஒரு ஆள் இருக்கும் என்று நான் யோசிக்கவே இல்லையே அப்பா" என்றார். அன்றே பலகைகளில் பெயர் எழுதுவதை நிறுத்தச் சொன்னார். பிறகு தன் கையாலேயே ஒரு துணிப்பையில் உரத்தைக் கட்டிக் கொடுத்தார். "இந்த முறை மாற்றிப் போடு. அந்த அம்மா பாத்திக்கு இடு, மற்றதை விடு. ஊர் கண்ணால் பார்க்கட்டும். கை ஒன்றுமில்லை, உரம்தான் என்று தெரிந்துவிடும்" என்றார். நிரூபித்துவிட்டால் எல்லாம் நேராகிவிடும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன். ஐப்பசியில் மழை சற்று ஓய்ந்திருந்தபோது அந்தப் பையோடு சைக்கிளில் எவ்வளவு உற்சாகமாகப் போனேன் என்பதை நினைத்தால் இன்றும் என்னவோ செய்கிறது.

பாவாயி வேலியோரம் மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். பொடக்காளியில் அவருடைய பாத்தி வெறுமனே கிடந்தது. நல்லம்மாள்கூட ஒன்றும் நடவில்லை. பையை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பையைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"வேண்டாங்க தம்பி."

"ஏனுங்க அம்மா? இதைப் போட்டால் உங்கள் பாத்தியும் அதே மாதிரி வரும். இது எங்கள் மேனேஜர் பொறுப்பு."

"வருமுங்க. அது எனக்கும் தெரியுது" என்றார். "வந்தா என்ன சொல்லுவாங்க? உப்புல வந்துச்சும்பாங்க. வராதபோது எங்கையில வரலீன்னாங்க. இனி எது வெளஞ்சாலும் அது எம்பட கையில வெளஞ்சதா ஆகுமுங்களா? நீங்களே சொல்லுங்க, சாமி."

பையை மறுபடி சைக்கிளில் மாட்டினேன். அந்த அம்மாளுக்கு ஊர் விட்டுவைத்திருந்தது ஒரே ஒரு மரியாதை. அதை நாங்கள் யாரும் பிடுங்க நினைக்கவில்லை. நல்லம்மாள் நினைக்கவில்லை, மேனேஜர் நினைக்கவில்லை, சத்தியமாக நானும் நினைக்கவில்லை. நல்ல பொருளைத்தான் கொண்டுபோனோம். அது சொன்னபடி வேலையும் செய்தது. ஆனாலும் போனது போனதுதான். பிடித்துவைத்துச் சண்டை போட ஓர் ஆள்கூட அகப்படவில்லை.

"ஏனுங்க, உப்புக்காரரே!" என்று பக்கத்துக் காட்டிலிருந்து குரல் வந்தது. செங்கோடன்தான். அவர் மிளகாய் நட்டிருந்தார். உப்பு என்ன பண்ணும் என்றவரே எங்கள் கிடங்கிலிருந்து உர மூட்டை வாங்கி வந்து, சொன்னபடி காய்ந்த மண்ணோடு கலந்தும் வைத்திருந்தார். "நல்ல நேரத்துக்கு வந்தீங்க. உங்களத்தான் பாத்துக்கிட்டே இருந்தேன். மொதப் புடிய உங்க கையால போட்டுக் குடுங்க. இந்த வட்டாரத்துல உப்புக்கு உங்க கைதானுங்க ராசி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தம்மாவைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுங்க" என்றேன். செங்கோடன் நான் ஏதோ விளையாட்டுக்குச் சொன்னதாக நினைத்துச் சிரித்தார். அவருடைய ஆட்களும் சிரித்தார்கள்.

பாவாயி தட்டைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் வருத்தம்கூட இல்லை. "போயிப் போடுங்க தம்பி. நம்ம கோவத்துக்குப் பயிரு என்ன பண்ணும்? தண்ணி வேற தொறந்து உட்டுட்டாங்க" என்றார்.

வேலியைத் தாண்டிப் போய் முதல் பிடியைப் போட்டேன். செங்கோடன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த ஆண்டு அவர் மிளகாய் அமோகமாக விளைந்தது. பிறகு யுத்தம் வந்து கப்பல் நின்று மாதிரிப் பைகளும் நின்றன. யுத்தம் முடிந்து மறுபடி உரம் வந்தபோதும் அந்தப் பக்கத்தில் என் கைக்கு அதே பெயர் இருந்தது. ஓய்வு பெறும் வரை எத்தனையோ காடுகளில் முதல் பிடியை என்னைத்தான் போடச் சொன்னார்கள், நானும் போட்டேன். எல்லாம் நன்றாகத்தான் விளைந்தது. என் கையை மட்டும் யாரும் எதோடும் வைத்துப் பார்க்கவில்லை.